குறுக்கு வலி, கழுத்து வலி: பயிற்சியால் பலம் ஏற்றி மீள்வதற்கு முழு வழிகாட்டி

நம்ம பக்கம் குறுக்கு பிடித்துக்கொண்டால் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் யாராவது எண்ணெய் போட்டு நீவி விடுவார்கள். அப்புறம் மருந்துக்கடையில் மாத்திரையும் ஸ்ப்ரேயும். அதுக்கும் கேட்கவில்லை என்றால் இடுப்புக்கு ஒரு பெல்ட். கடைசியில் ஸ்கேன், அதில் 'ஜவ்வு விலகியிருக்கு' என்று ஒரு வரி, அந்த வரியைப் படித்த நாளிலிருந்து குனிவது, குடம் தூக்குவது, வண்டி ஓட்டுவது என்று ஒவ்வொன்றாக நின்றுபோகும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வலி அப்படியே இருக்கும், முதுகில் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பு மட்டும் காணாமல் போயிருக்கும்.

இது அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுவது. நான் டாக்டரும் இல்லை, பிசியோவும் இல்லை. திருப்பூரில் கட்டிங் டேபிள் முன்னால் பல வருடம் குனிந்து நின்று, கழுத்தும் குறுக்கும் ஒருசேரப் பிடித்து, ஒரு நல்ல பிசியோவிடம் போய்ப் பயிற்சியால் வெளியே வந்தவன். அதற்கப்புறம் கம்பெனியிலும் சொந்தத்திலும் நிறையப் பேருக்குக் கூட நின்று செய்ய வைத்திருக்கிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: முதுகுக்கு அளவான சுமை வேண்டும். அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எந்தப் பயிற்சி என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

யார் முதலில் டாக்டரிடம் போக வேண்டும்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெரும்பாலான முதுகு வலி ஆபத்தில்லாதது, ஆனால் சில வலிகள் அப்படி இல்லை.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, சைக்கிள் சீட் படுகிற இடம் முழுக்க மரத்துப்போவது, இரண்டு காலும் பலம் இழப்பது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கீழ் நரம்புக் கற்றை நசுங்கினால் இப்படி ஆகும், மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பில் முடியலாம். நடக்கும்போது பாதம் தொங்கி செருப்பு தரையில் இழுபடுகிறது என்றாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

சாயங்காலம் ஆனால் காய்ச்சல், எடை தானாகக் குறைவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி என்றால் முதுகெலும்பில் காசநோயாகக்கூட இருக்கலாம், நம் நாட்டில் அது ஒன்றும் அபூர்வமில்லை. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், கீழே விழுந்தவர்கள், வண்டியில் அடிபட்டவர்கள், ரொம்ப நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள், எலும்பு தேய்ந்த வயதானவர்கள் எல்லோரும் முதலில் டாக்டர், அப்புறம்தான் பயிற்சி.

கழுத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஊசியில் நூல் கோர்க்க விரல் தடுமாறுகிறது, சட்டைப் பட்டன் போட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் கழுத்துக்குள் தண்டுவடமே நெருக்கப்படுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இடது தோளும் தாடையும் வலித்து, கூடவே நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தால் அதைக் கழுத்து வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த எதுவும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை

வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2015-இல் வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. ஐம்பது வயதில் 80 சதவீதம், எண்பது வயதில் 96 சதவீதம். ஜவ்வு புடைத்திருப்பதும் அப்படித்தான், ஐம்பது வயதில் 60 சதவீதம் பேருக்கு இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. ஆக, ரிப்போர்ட்டில் உள்ள 'தேய்மானம்' பெரும்பாலும் தலை நரைப்பது மாதிரி வயதோடு வருவது. பிதுங்கிய ஜவ்வும் பல பேருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது. ஸ்கேன் தேவைப்படும் இடங்கள் உண்டு, மேலே சொன்னவை அத்தனையும் அந்த ரகம்தான். ஆனால் ஒரு வரியைப் பார்த்துவிட்டு வாழ்நாள் முழுக்கக் குனியாமல் இருப்பது அந்த ஸ்கேன் சொன்ன வைத்தியம் இல்லை.

பெல்ட் விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சி செய்யச் சொல்கிறது, பெல்ட்டையும், எடை கட்டி முதுகை இழுக்கும் ட்ராக்ஷனையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. உங்களிடம் பெல்ட் இருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை, பயிற்சி நேரத்தில் கழற்றிவிட்டு மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

முதல் சில நாட்கள்: பிடித்திருக்கும்போது

இப்போதுதான் பிடித்தது, திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை என்றால் பலம் ஏற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் இருங்கள், பல பேருக்கு அதிலேயே கொஞ்சம் இளகும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். நீவுவதும் தப்பில்லை, சுகமாக இருக்கும். ஆனால் கழுத்தைப் பிடித்து 'சொடக்கு' எடுக்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். வலி மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு எடுங்கள், அல்சர், கிட்னி, பிரஷர் தொந்தரவு உள்ளவர்கள் கடையில் தானாக வாங்கவே கூடாது.

முக்கியமானது, நாள் முழுக்கப் படுக்காமல் இருப்பது. மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை, முடிந்தால் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இந்தக் கடுமை தானாக இறங்கும். உருண்டு படுக்கவும், பத்து நிமிடம் நடக்கவும் முடிகிற அன்று அடுத்த கட்டத்தைத் தொடங்கலாம். வலி முழுக்கப் போகட்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள்.

அளவு எடுப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டும் செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்ச்சும் போதும். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழ முடிகிறது. வலி கூடுவதற்கு முன் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது. முட்டியும் முழங்கையும் ஊன்றி ஒருக்களித்து இடுப்பைத் தூக்கி எத்தனை விநாடி நிற்க முடிகிறது, இடது பக்கம் வேறு, வலது பக்கம் வேறு. கடைசியாகக் கழுத்து: மல்லாந்து படுத்து, முகவாயை லேசாக உள்ளே இழுத்து, தலையை ஒரு விரல் உயரம் மட்டும் தூக்கி எத்தனை விநாடி நடுங்காமல் வைத்திருக்க முடிகிறது.

எவ்வளவு வந்ததோ அதில் பாதியில்தான் தொடங்க வேண்டும். இருபது விநாடி முடிந்தால் பத்து. இந்த இடத்தில்தான் ஆம்பளைங்க பாதிப்பேர் கெடுத்துக்கொள்வது. 'பத்து விநாடியெல்லாம் ஒரு பயிற்சியா' என்று முதல் நாளே முழு மூச்சாகச் செய்துவிட்டு, மறுநாள் எழ முடியாமல், 'எனக்கு எக்சர்சைஸ் ஒத்துக்காதுங்க' என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள்.

அப்புறம் இந்த விதி, இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் போடுங்கள். பயிற்சி செய்யும்போது மூன்று வரை போனால் பரவாயில்லை. நான்கு, ஐந்து என்றால் எடையையோ எண்ணிக்கையையோ குறைத்துச் செய்யுங்கள். அதற்கும் மேல் என்றால் அன்றைக்கு அந்தப் பயிற்சி வேண்டாம். அடுத்த நாள் காலையில் எழும்போது வழக்கத்தைவிட வலி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் நேற்றைய அளவு சரி. கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம், அவ்வளவுதான், உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

காலுக்கு வலி இறங்குகிறவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. வலி கெண்டைக்காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து குறுக்குக்கு என்று மேலே ஏறிக்கொண்டே வந்தால், குறுக்கில் கொஞ்சம் கூடினால்கூட அது நல்ல திசை. கீழே பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

தரைப் பயிற்சிகள்: முதல் இரண்டு மூன்று வாரம்

யோகா மேட் வாங்க வேண்டியதில்லை, பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டால் தாராளம். காலையில் எழுந்தவுடனே வேண்டாம். ராத்திரி முழுக்க ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகு விறைப்பாகத்தான் இருக்கும். டீ குடித்து, கொஞ்சம் நடமாடிய பிறகு செய்யுங்கள்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் என்ற முதுகெலும்பு ஆராய்ச்சியாளர் மூன்று பயிற்சிகளை முன்வைத்தார். இன்றைக்குப் பல நாடுகளில் நிறையப் பிசியோக்கள் இவற்றைச் சொல்லித்தருகிறார்கள்.

முதலாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் குறுக்குக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வைத்து, தலையையும் தோளையும் சேர்த்து ஓரிரு அங்குலம் மட்டும் தூக்குவது. ஜிம்மில் செய்கிற மாதிரி முழுதாக எழுந்து உட்காரக் கூடாது. கழுத்து வலி உள்ளவர்கள் இதைச் சில வாரம் தள்ளி வைக்கலாம்.

இரண்டாவது, அளவெடுக்கும்போது செய்த அதே ஒருக்களித்த தூக்கல். முதலில் முட்டி ஊன்றி, பிறகு காலை நீட்டிப் பாதம் ஊன்றி. தோள் வலித்தால் சுவரில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நின்றே செய்யலாம்.

மூன்றாவது, கையையும் முட்டியையும் ஊன்றி மாடு நிற்கிற மாதிரி நின்று, வலது கையையும் இடது காலையும் நீட்டுவது, பிறகு மாற்றிச் செய்வது. காலை உயரமாகத் தூக்குவதில் ஒன்றுமே இல்லை. குறுக்கின் மேல் பாதி தண்ணீர் உள்ள எவர்சில்வர் டம்ளரை வைத்து வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். காலை நீட்டும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் டம்ளர் கவிழும், எங்கள் வீட்டில் முதல் வாரம் ஜமக்காளம் காயவே இல்லை. டம்ளர் ஆடாமல் நிற்க ஆரம்பித்தால் முதுகுத் தசை வேலை செய்யக் கற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

ஒவ்வொன்றையும் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். பத்து விநாடி, இறக்கி ஒரு மூச்சு, மறுபடி பத்து விநாடி. முதல் சுற்று ஆறு தடவை, அடுத்தது நான்கு, கடைசி இரண்டு. இப்படிக் குறைத்துக்கொண்டே வருவதால் தசை சோர்ந்துபோய்க் கோணலாகச் செய்வது தவிர்க்கப்படுகிறது. கூடவே மல்லாந்து படுத்து இரண்டு காலையும் மடக்கிக் குதிகாலை அழுத்தி இடுப்பைத் தூக்குகிற பயிற்சியையும் பத்து தடவை சேருங்கள். உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்குப் பிட்டத் தசை மந்தமாகிக் கிடக்கும், அதை எழுப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் எல்லாப் பாரமும் குறுக்குக்கே வரும். இதைத் தினமும் செய்யலாம். நடையையும் தினமும்.

குனியக் கற்றுக்கொள்வது

எதிர்வீட்டு அக்கா ஒருவர், இரண்டு மாடு வைத்திருப்பவர், ஒருநாள் கேட்டார்: "ஏனுங் தம்பி, குனியவே கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. அப்பறம் மாட்டுக்கு யாருங் தண்ணி காட்டறது?" நியாயமான கேள்விதானே. தாழியில் தவிட்டுத் தண்ணி கலக்க, சாணி வழிக்க, பால் கறக்க, எல்லாவற்றுக்கும் குனிந்தாக வேண்டும். குனியாதே என்பது ஒரு வாரத்துக்குச் சரி. அதற்கு மேல் அது அறிவுரையே இல்லை.

இடுப்பு மூட்டில் மடங்கிக் குனிவதைத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நேரான கழியோ, தலை கழன்ற மாப் குச்சியோ எடுங்கள். முதுகுக்குப் பின்னால் செங்குத்தாகப் பிடித்தால் அது மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, பிட்டத்துக்கு மேலே வால் எலும்புப் பக்கம். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடி தள்ளி நின்று, முட்டியை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடப் பாருங்கள். மூன்று தொடுதலும் விடக் கூடாது. குச்சி பின்தலையை விட்டால் கழுத்து தொங்குகிறது, வால் எலும்பை விட்டால் குறுக்கு வளைகிறது. பின்தொடையில் இழுவை தெரிந்தால் சரியாக வருகிறது. தொட்டதும் பிட்டத்தை இறுக்கி நிமிருங்கள். சுவரைத் தொட முடிந்தால் அரை அடி முன்னால் நகர்ந்து மறுபடி. அக்காவுக்கு முதலில் சிரிப்பாக வந்தது, அப்புறம் பக்கெட் தூக்கும்போதெல்லாம் தானாகவே அப்படிக் குனிய ஆரம்பித்துவிட்டார்.

வளைந்து குனிவது பாவம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே விழுந்த சாவியை எடுக்க எப்படிக் குனிந்தாலும் ஒன்றும் ஆகாது. பாரம் தூக்கும்போதும், வலி இன்னும் ஆறாத நாட்களிலும் இந்த முறை கை கொடுக்கும்.

சுமை ஏற்றுவது

இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது, இங்கேதான் எல்லோரும் நிறுத்தியும் விடுகிறார்கள். தரைப் பயிற்சியோடு வலி பாதி குறைந்துவிடும், 'சரி, சரியாயிருச்சு' என்று ஜமக்காளத்தைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ தூக்க வேண்டி வரும் நாளில் மறுபடி பிடித்துக்கொள்ளும். தூக்கிப் பழகாத முதுகு தூக்கும் வேலையில் சிக்கிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

டம்பெல் இல்லாமலே ஆரம்பிக்கலாம். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், கைப்பிடி உள்ளது, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பினால் ஐந்து கிலோ, மணல் நிரப்பினால் எட்டு கிலோ பக்கம் வரும். அடுத்து இருபது லிட்டர் தண்ணீர் கேன். சமையல் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து முப்பது கிலோ வரும், வீட்டில் தூக்குவதில் பெரும்பாலும் அதுதான் கனமானது, அதனால் அதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் கேனைத் தரையிலிருந்து தூக்காதீர்கள். இரண்டு ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன் மேல் வைத்துத் தூக்குங்கள். பழகியதும் ஒரு கல்லை எடுத்துவிடுங்கள், அப்புறம் தரை. கால்கள் இடுப்பு அகலத்தில், கேன் பாதங்களுக்கு நடுவே, குச்சி வைத்துப் பழகிய அதே மாதிரி பிட்டத்தைப் பின்னால் தள்ளி இறங்கிக் கைப்பிடியைப் பிடியுங்கள். கை நேராக இருக்கட்டும். மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவது போல வயிற்றை இறுக்கி, தரையைக் காலால் அழுத்தி எழுந்திருங்கள். மேலே வந்ததும் பின்னால் சாய வேண்டாம். இறக்குவதும் அதே வழியில், தொப்பென்று போடாமல். பிரஷர் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்து வைக்காமல் எழும்போது வெளியே விடுங்கள்.

எட்டு தடவை ஒரு செட், இப்படி மூன்று செட், நடுவே இரண்டு நிமிட ஓய்வு. மூன்று செட்டிலும் பன்னிரண்டு தடவை சுலபமாக வந்து, இன்னும் இரண்டு போடலாம் போல இருந்தால் அடுத்த தடவை இரண்டு கிலோ ஏற்றி மறுபடி எட்டுக்கு வாருங்கள். இதைத் தவிர வேறு ரகசியம் எதுவும் கிடையாது.

இதோடு மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று உட்கார்ந்து எழும் பஸ்கி, ஆனால் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, கேனை நெஞ்சோடு அணைத்து, ஸ்டூலைத் தொட்டுவிட்டு எழுவது. இரண்டாவது, பழைய சைக்கிள் ட்யூப்பை ஜன்னல் கம்பியில் மாட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்று முழங்கைகளைப் பின்னால் இழுப்பது. டவுனில் ரப்பர் பேண்ட் விற்கிறார்கள், ட்யூப்பும் அதே வேலையைச் செய்யும், இழுக்கும் முன் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றாவது, ஒரே கையில் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் சாயாமல் நடப்பது, பிறகு கை மாற்றி. பார்க்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும், விலாப் பக்கம் மறுநாள்தான் சொல்லும்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒன்று விட்டு ஒன்று. திருப்பூர்க்காரர்கள் சனிக்கிழமையை இதில் வைக்காதீர்கள், சம்பள நாள், அன்றைக்கு வீடு வந்து சேரவே நேரமாகிவிடும்.

கழுத்துக்கு

கழுத்து வலிக்காரர்கள் பெரும்பாலும் செய்வது கழுத்தைச் சுழற்றுவதும் இழுத்து விடுவதும்தான். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், மதியம் ஷிப்ட்டில் மறுபடி பாறை மாதிரி இறுகிவிடும். குனிந்து ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும்போது தலையின் நான்கைந்து கிலோ எடையையும், முன்னால் நீட்டிய கைகளின் எடையையும் மணிக்கணக்கில் பிடித்து நிற்பது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசை. அதற்குப் பலம் வேண்டும்.

ஃபின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி இருந்த 180 அலுவலகப் பெண்களை வைத்து ஒரு வருடம் நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. கழுத்துக்கும் தோளுக்கும் பலப் பயிற்சி செய்தவர்களுக்கு, வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. டென்மார்க்கில் 2011-இல் வெளியான இன்னொன்று எனக்கு இன்னும் பிடித்தது: ரப்பர் ட்யூப்பைக் காலில் மிதித்துக் கைகளைப் பக்கவாட்டில் தூக்கும் ஒரே பயிற்சி, ஒரு நாளைக்கு இரண்டே நிமிடம், பத்து வாரம். அதற்கே கழுத்து, தோள் வலி குறைந்தது. டீ டைமில் இரண்டு நிமிடம் யாருக்கும் கிடைக்கும்.

ஆக, முதலில் முகவாயை உள்ளே இழுக்கும் பயிற்சி. சுவரில் பின்தலையை வைத்து, தலையைக் கீழே குனியாமல் அப்படியே பின்னால் தள்ளி ஐந்து விநாடி, பத்து தடவை. அடுத்து உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளுங்கள், கை விட்டுக்கொடுக்கக் கூடாது, தலையும் நகரக் கூடாது. ஐந்து விநாடி, முழு பலத்தில் பாதிக்கும் குறைவாக. இதே மாதிரி பின்னால், இரண்டு பக்கமும். ஒரு வாரம் தொந்தரவில்லாமல் போனால் எண்ணெய் கேன்கள் இரண்டையும் இரண்டு கையில் தொங்கவிட்டு, தோளைக் காதை நோக்கித் தூக்கி, ஒரு விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, மூன்று செட். இதுதான் கழுத்துக்கு மூலப் பயிற்சி, மற்றதெல்லாம் இதற்குத் துணை. கூட ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குவது, ஜன்னல் கம்பி இழுவை. அவ்வளவு போதும்.

கை மரத்துப்போகிறவர்கள் எடை தூக்கும்போது மரப்பு அதிகமானால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

நடுவில் மறுபடி பிடித்தால்

பிடிக்கும். அதை எதிர்பார்த்தே இருங்கள். நான்காவது வாரம், ஆறாவது வாரம், ஒரு கல்யாணத்துக்குச் சமையல் பாத்திரம் தூக்கியதோ, தாராபுரம் ரோட்டில் ஸ்பீட் பிரேக்கரில் வண்டி குதித்ததோ ஏதாவது ஒரு சாக்கு. பயப்பட வேண்டாம். இரண்டு நாள் நடையும் தரைப் பயிற்சியும் மட்டும், மூன்றாவது நாள் பாதி எடையில் மறுபடி தூக்குங்கள். வழக்கமாக ஒரு வாரத்துக்குள் விட்ட இடத்துக்கு வந்துவிடலாம். முழுதாக நிறுத்தினால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடை சீக்கிரம் ஏறும், அது தசை வளர்ந்ததால் இல்லை, இருக்கிற தசையை நரம்பு சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டதால். தசை நிஜமாகவே பலப்பட எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் வலி ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் வந்திருக்கும். எடை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தால் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

வேலையிடம், சாப்பாடு, தூக்கம்

ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவரிடம் 'அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள்' என்று சொன்னால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் முடிகிறதைச் சொல்கிறேன். டெய்லர்கள் ஸ்டூல் உயரத்தை முதலில் பாருங்கள், தைக்கும் இடம் முழங்கை உயரத்துக்குக் கிட்ட வர வேண்டும், உயரம் பத்தவில்லை என்றால் துணியை மடித்துப் போட்டு உட்காருங்கள். ஒவ்வொரு பண்டல் முடியும்போதும் நிமிர்ந்து தோளை ஐந்து தடவை பின்னால் சுழற்றினால் பத்து விநாடிதான் ஆகும். தறிக்காரர்களுக்கு நின்றே கால் கடுக்கும், ஒரு செங்கல்லைப் போட்டு ஒரு காலை மாற்றி மாற்றி அதன் மேல் வைத்தால் குறுக்குக்கு இதம். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தியவுடன் குதித்து இறங்கி லோடு தூக்காதீர்கள், ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் தொடுங்கள். கோவை சரவணம்பட்டி ஐ.டி. கூட்டத்துக்கு லேப்டாப்புக்குக் கீழே நான்கு தடிப் புத்தகம், தனியாக ஒரு கீபோர்ட், தீர்ந்தது.

பலம் ஏற வேண்டுமென்றால் புரதம் வேண்டும். நம்ம ஊர்க் கொள்ளுப் பருப்பில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் ஆறு கிராம். பவுடர் டப்பா வாங்கக் காசைச் செலவழிப்பதற்கு முன் இந்த இரண்டையும் தினமும் சாப்பிட்டுப் பாருங்கள். கிட்னி தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டால் வலி கூடுதலாகத் தெரியும், கட்டாந்தரையில்தான் படுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, தூக்கம் வருகிற படுக்கையே நல்ல படுக்கை.

வெளியே போக முடியாத நிலையில் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வர வழி உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பயிற்சி சரியாகத்தான் வருகிறதா என்று சந்தேகம் இருப்பவர்களும் ஒன்றிரண்டு தடவையாவது பிசியோ முன்னால் செய்து காட்டிவிடுங்கள். வலிக்கிற இடத்தில் மெஷினால் கரண்ட் மட்டும் வைத்து அனுப்புகிறவராக இருந்தால் 'எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுங்க' என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து

சிலிண்டரை வலியில்லாமல் ஐந்து தடவை தூக்கி இறக்க முடிந்தால் வாரம் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் எடையைக் குறைக்காதீர்கள். இதற்கு மேல் ஏற்ற வீட்டில் எடை பத்தாது, பக்கத்தில் ஏதாவது ஜிம்மில் சேருங்கள். சேர்ந்த அன்றைக்கே ட்ரெயினரிடம் மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: எனக்குக் குறுக்கு வலி இருந்தது, நோட்டில் இருக்கிற எடையிலிருந்துதான் ஆரம்பிப்பேன், வாரத்துக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டேன். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அட்மிஷன் காசு கட்டுவதற்கு முன்னாலேயே வேறு ஜிம் பாருங்கள்.